வாய்ப்பேச்சில் காணி விற்பனை செல்லுமா?

வெள்ளவத்தை ஃபிளாட்டை விற்பதாக வாயால் ஒப்புக்கொண்டு, சாட்சிகள் முன்னால் முற்பணமும் வாங்கிவிட்டால் அது சட்டப்படி கட்டுப்படுத்தும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்வதால் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம்: இலங்கையில் அப்படி இல்லை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பாருங்கள். காணி, வீடு போன்ற அசையாச் சொத்தின் விற்பனை மட்டுமல்ல, விற்பதாகக் கொடுக்கும் வாக்குறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும்; நொத்தாரிசும் (இத்தகைய ஆவணங்களை அத்தாட்சிப்படுத்த உரிமம் பெற்றவர்) குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையெழுத்திட்டு, அவர்கள் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அதற்குச் சட்ட வலு கிடையாது. இரு தரப்பும் தாங்களே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தாலும் போதாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்பது வேறு வழக்கு; அதை வைத்து வீட்டை எழுதித் தரச் சொல்ல முடியாது.

சரிபார்ப்பது சுலபம். உங்கள் வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு காணி உறுதியின் (சொத்துப் பத்திரத்தின்) கடைசிப் பகுதியை வாசியுங்கள்: யார் யார் எங்கே, எந்தத் திகதியில், யார் முன்னிலையில் கையெழுத்திட்டார்கள் என்று நொத்தாரிசு எழுதியிருப்பார். அந்த 2ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். முற்பணம் கொடுக்குமுன், விற்பனை உடன்படிக்கையையும் இதே முறையில் எழுத வேண்டுமா என்று உங்களுக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.