வலைக் கொட்டகையில் துடைப்பம் வேண்டாம்

எலிகளும் ஹான்டா வைரஸும் (பெரும்பாலும் எலிகளின் எச்சம் வழியாக மனிதருக்குத் தொற்றும் வைரஸ் வகை) பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் மூஞ்சூறிடம் கண்ட ஹான்டா வகை வைரஸை 'எலி வைரஸ்' என்கிறது. மூஞ்சூறு எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் வேறு இனம். கொரியாவில் வயல் எலியிடம், இவ்வகைக்கே பெயர் தந்த ஹான்டான் வைரஸ் பிடிபட்டது இதற்குப் பிறகுதான்.

பாம்பன், மண்டபம் பக்கம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வலைக் கொட்டகை, கருவாட்டு அறைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: திறந்ததும் பெருக்காதீர்கள். எலியின் காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் வைரஸோடு தூசியாகி மூச்சில் ஏறுவதுதான் ஆபத்து. கதவு, சன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் (30 சதவீதக் குளோரின் உள்ளது) கரைத்து, தெளிந்த நீரைப் புழுக்கை நன்றாக நனையும்படி ஊற்றி, 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துணியால் வழித்தெடுங்கள். கடற்காற்றில் திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். நைலான் வலையில் மட்டும் ஊற்றாதீர்கள், நூல் இற்றுப்போகும். அதற்குப் பல மணி நேர வெயில் போதும், நமக்கென்ன வெயிலுக்கா பஞ்சம்!

பிறகு காய்ச்சலோடு மூத்திரம் குறைந்தால், எலி நடமாடிய இடத்தைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் இப்படியே தொடங்கும். அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, ஹான்டாவுக்கு அது கேட்காது.