"இவ்ளோதானாக்கா?"

போன வாரம் வேளச்சேரியிலிருந்து மடிப்பாக்கத்துக்கு வீடு மாறினோம். இது ஐந்தாவது வாடகை வீடு. போன தடவை மாறியபோது குட்டியானை வண்டி நான்கு நடை அடித்தது. இந்தத் தடவை இரண்டே நடை. இரண்டாவது நடைக்குத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு வண்டிக்காரத் தம்பி, "இவ்ளோதானாக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

எங்கள் வீட்டில் சாமான் குறைந்ததற்குப் பெரிய காரணம் கையில் இருக்கும் போன்தான். ஆனால் போன் வாங்கியதால் மட்டும் எதுவும் குறைந்துவிடவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் தரைத்தளத்தில் இருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தால், ஆல்பம் முழுவதும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. மெதுவாகப் பிரித்தேன். படத்தின் மேல்தோல் பிளாஸ்டிக் உறையோடு போய்விட்டது, வெள்ளை அட்டைதான் என் கையில் மிஞ்சியது. அம்மாவின் கல்யாணப் படமும் அப்படியே போனது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அத்தனை வருடமும் பூட்டி வைத்திருந்தோம்.

அப்போது தொடங்கிய பழக்கம் இது. எந்தக் காகிதம் வீட்டுக்குள் வந்தாலும் அன்றைக்கே போனில் ஸ்கேன் செய்து, பெயரும் தேதியும் போட்டு வைத்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பவும் கைகொடுத்தது அம்மாவின் ஆஸ்பத்திரி மஞ்சப்பை விஷயத்தில்தான். வயதானவர்கள் இருக்கும் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் திணித்திருப்போம். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு வந்தபோது, பழைய ஈசிஜி இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பையில் தேடி எடுத்தால், தாள் மங்கி வெறும் கட்டம்தான் தெரிந்தது. ஈசிஜி தாளும் கடையில் தரும் வழவழப்பான பில்லும் பெரும்பாலும் ஒரே வகைதான். அதில் மை கிடையாது. தாளில் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கும், நாளடைவில் மங்கிவிடும். லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டிலேயே முழுத்தாளும் கறுத்துப்போகும். நல்லவேளையாக அந்த ஈசிஜியை எடுத்த அன்றே போனில் பிடித்து வைத்திருந்தேன். டாக்டர் போனை வாங்கி, பெரிதாக்கி, புதிய தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பழைய மாதிரியேதான் இருக்கு, பயப்படாதீங்க" என்றார்.

தயவுசெய்து உங்கள் வீட்டுப் பையை இந்த வாரமே இறக்கிப் பாருங்கள்.

அப்புறம், போன் கேலரியில் இருக்கும் போட்டோவும், ஆவணங்களுக்கான அரசு ஆப்பான டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று அல்ல. லைசென்ஸை நாமே படம் பிடித்து வைத்துக்கொண்டால் அது வெறும் படம். டிஜிலாக்கர் வழியாக, ஆவணம் வழங்கிய துறையிலிருந்தே நேராக வந்து சேர்வதுதான் சட்டப்படி அசலுக்குச் சமம். 2017இல் விதியைத் திருத்தி அப்படி ஆக்கினார்கள். வண்டியை நிறுத்திக் கேட்டால் லைசென்ஸ், ஆர்சி இரண்டையும் அதில் காட்டலாம். அதற்காகப் பத்திரம், டிகிரி சான்றிதழ் போன்ற அசல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அவை ஒரே ஒரு தண்ணீர் புகாத உறையில் இருக்கின்றன. முன்பு இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம்!

ஒரு பொருள் போனால் அதைத் தாங்கிக்கொண்டிருந்த பொருளும் போகும். இது எனக்கே பிறகுதான் புரிந்தது. சிடிக்களைக் கொடுத்தோம், ரேக்கும் பிளேயரும் போயின. பழைய கம்ப்யூட்டர் போனது, கூடவே மேஜை, யுபிஎஸ், பிரிண்டர். கேமரா, அலாரம், கால்குலேட்டர் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவை வேலையில்லாமல் இன்னும் உங்கள் அலமாரியில் உட்கார்ந்திருந்தால், போன் வாங்கியதில் வீட்டுக்குப் பொருள் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: போனில் ஒரு வேலை ஏறி மூன்று மாதம் சரியாக நடந்தால், அந்த வேலையைச் செய்த பழைய பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது. (புத்தகங்களில் இன்னும் கை வைக்கவில்லை. வைக்கவும் மனம் வராது.)

சாமானை வெளியே அனுப்ப உதவிய அதே போன்தான் உள்ளேயும் கொண்டுவருகிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி என்று ராத்திரி பதினோரு மணிக்கு மணியடிக்கும். தேவையே இல்லாத டப்பா இரண்டு நாளில் வாசலுக்கு வந்துவிடும். பொருள் வாங்கும் ஆப்கள் எல்லாவற்றையும் என் போனிலிருந்து நீக்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வேண்டியதைத் தெருமுனைக் கடையில் வாங்குகிறேன். மற்ற எல்லா ஏற்பாட்டையும்விட வீட்டைக் காலியாக வைத்திருப்பது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

எல்லாவற்றையும் போனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. இரண்டாம் நாள் காலை என் போன் அணைந்துவிட்டது. மாடிவீட்டு அக்காவின் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. "யாருக்குப் பேசணும்னாலும் பேசு" என்று கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், தம்பியின் நம்பர் எனக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் யோசித்தும் கடைசி நான்கு எண்கள் வரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது பீரோக் கதவின் உள்பக்கம் எட்டு நம்பர்களைப் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன். புது வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒட்டியதும் அதைத்தான். ஒரு டார்ச் லைட்டும் அம்மாவின் பேட்டரி ரேடியோவும் வீட்டை விட்டுப் போகாது. ஸ்கேன் செய்தவை எல்லாம் தம்பியின் போனிலும் ஒரு பிரதி இருக்கிறது.

அம்மாவின் கல்யாணப் படம் போன மாதம் கிடைத்தது. செங்கல்பட்டில் பெரியம்மா வீட்டு ஆல்பத்தில் ஒரு பிரதி இருந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பாயின் மேல் வைத்துப் போனில் எடுத்தேன். அம்மா வாங்கி இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். புடவைக் கரையில் சின்னச் சின்ன மயில் இருந்ததாம், அது தெரிகிறதா என்று தேடினார். தெரிந்தது. அந்த ஆல்பத்தில் இன்னும் நாற்பது படங்களாவது இருக்கும். பொங்கலுக்குப் போகும்போது மீதியையும் எடுத்துவிட வேண்டும்.