எண்ணூர் முகத்துவாரத்தைத் தோண்டினால் மட்டும் போதுமா?

எண்ணூர் முகத்துவாரம் மணல் மூடும்போதெல்லாம் ஒரே கோரிக்கைதான்: "தூர்வாருங்க." இயந்திரம் வரும், மணலை அள்ளும், கொஞ்ச நாளில் வாய் திரும்ப அடைத்துக்கொள்ளும். தோண்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நோய் வாயில் இல்லை, வயிற்றில் இருக்கிறது.

கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் சேர்கிறது. 1944-ல் ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு, மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஆற்றை நம்பி இந்த வாய் திறந்திருக்க முடியாது. வாயைத் திறந்து வைப்பதே கடல்தான். கடல் ஏறும் ஏற்றத்தில் உள்ளே பரவும் உப்புத்தண்ணீர், கடல் இறங்கும் வற்றத்தில் திரும்பிப் பாயும்போது வாயில் கிடக்கும் மணலையும் அடித்துக்கொண்டு போகும். தினமும் இரண்டு தரம், இலவசமாக.

கணக்கு போட்டுப் பாருங்கள். சென்னைக் கடலில் அமாவாசை, பௌர்ணமிக்கே ஏற்றவற்றம் சுமார் 1 மீட்டர்தான். முகத்துவாரத்துக்கு உள்ளே பரந்து கிடக்கும் உப்புநீர்ப் பரப்பான கழிக்குள் அரை மீட்டர் என்றே வைப்போம். 1 ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் ஏறி இறங்குவது 20 லட்சம் லிட்டர். 1,000 ஏக்கரை மேடாக்கினால் ஒவ்வொரு வற்றத்திலும் 200 கோடி லிட்டர் குறையும். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றரை லட்சத்துக்கு மேல். இந்த வேலையை எந்த இயந்திரம் செய்யும்?

மேடாக்கியது யார் என்றால், பழி முதலில் உப்பளத்தின் மேல் விழும். அது நியாயமில்லை. உப்பளம் மதகு வழியே கடல்நீர் ஏறுகிற தாழ்நிலம். வெள்ளம் வந்தால் தேங்க இடம் தரும். 1806-ல் பிரிட்டிஷ் வணிகர் கொக்ரேன் வெட்டிய கால்வாய்கூட (பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாய்) கழியைச் சாகடிக்கவில்லை. உப்பும் விறகும் படகில் பட்டணம் போய்ச் சேர்ந்தன. கழியை விழுங்கியது, அதன்மேல் கொட்டிய மண்ணும் அனல்மின் நிலையச் சாம்பலும்தான். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட பகுதி. அடுத்து வந்த வரைபடத்தில் கழியையே காணோம். பேனாவால் தூர்த்த கழி உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

சாம்பல் குழாய் கசிந்தால் தண்ணீர் கலங்குவதோடு போகாது. சாம்பல் சேற்றின்மேல் படிந்து இறுகி ஆழத்தைத் தின்றுவிடும். இறால் புதைவது மெத்தென்ற சேற்றில். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவிப் பிடித்து, பல்லில் கவ்விய பறிக்குள் போடும் இருளர்களுக்கு வித்தியாசம் விரல் நுனியிலேயே தெரியும். போதாததற்கு, தென் அமெரிக்காவிலிருந்து வந்த காக்கா ஆழி என்ற சிப்பி தரை முழுக்கக் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு, மஞ்சள் மட்டியை மூச்சுமுட்ட வைக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய், ஏற்றம் எட்டிய இடமெல்லாம் அலையாத்தி வேர்களில் பூசிக்கொண்டது. வற்றத்தில் தண்ணீர் இறங்கியது, எண்ணெய் இறங்கவில்லை.

வெளிப்பக்கம் இன்னொரு சங்கதி. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் தெண்டி நீரோட்டம் மணலை வடக்கே தள்ளும். முகத்துவாரத்துக்கு வடக்கே 2001-ல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அதை மறிக்கிறது. மறித்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கும். நம் முகத்துவாரம் இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

ஆகவே தோண்டும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, வாயோடு நிறுத்தாமல் உள்ளே படிந்த சாம்பலை எத்தனை ஏக்கரில் எடுக்கிறீர்கள்? இரண்டு, அள்ளிய மணலை எங்கே கொட்டுகிறீர்கள்? தென்கரையில் குவித்தால் அடுத்த தெண்டியில் அதே மணல் வாய்க்குள் வந்துவிடும். துறைமுகத்தைத் தாண்டி, காட்டுப்பள்ளிக்கு வடக்கே கரை அரிந்துகொண்டு கிடக்கிறது. மணல் போக வேண்டிய இடம் அதுதான்.