பியானோ இசைத்தாளில் இடது கைக் கோடுகளின் பெயர் வேறு

தொடக்கநிலை 2 படிக்கும் மகளுக்குப் பியானோ இசைத்தாளைப் படிக்கச் சொல்லித் தருவது பற்றி ஓர் அம்மா கேட்டிருந்தார். அதற்கு ஒருவர், "வலது கைக்கான கோடுகளைப் படித்தால் போதும், இடது கைக்கும் அதே பெயர்கள்தான்" என்று பதில் எழுதியிருக்கிறார். இது தவறு. அந்த அம்மா இதை நம்பிவிடக் கூடாது.

இரண்டு கைகளுக்கும் ஐந்து கோடுகள்தான், பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் முன்னால் போட்டிருக்கும் கிளெஃப் என்ற குறிதான் பெயரை முடிவு செய்கிறது. வழக்கமாக வலது கைக்கு வரும் ட்ரெபிள் கிளெஃபின் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி வரும், அந்தக் கோட்டில் வரும் சுரத்தின் பெயர் ஜி. இடது கைக்கு வரும் பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளும் நான்காவது கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும், அது எஃப். கீழிருந்து மூன்றாவது இடைவெளியைப் பாருங்கள்: ட்ரெபிளில் சி, பேஸில் அதே இடம் ஈ. மிடில் சி, அதாவது பியானோவின் நடுவில் இருக்கும் சி, இரண்டுக்கும் நடுவே தனிச் சிறு கோட்டில் வரும்.

முதலில் ஜி, எஃப், மிடில் சி மூன்றையும் கண்ணில் பதிய வைத்தால் போதும். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் அடுத்த வெள்ளைக் கட்டை, கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றை விட்டு அடுத்தது, இப்படி எண்ணிப் பழகலாம்.

அப்புறம், சுரக்குறிக்குக் கீழே பென்சிலில் பெயர் எழுதித் தராதீர்கள். பிள்ளை எழுத்தைத்தான் படிப்பாள், கோட்டைப் பார்க்கவே மாட்டாள். நிறைய பிள்ளைகள் எழுதும் ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியம்) செய்முறைத் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 21, முன்பு பார்க்காத இசைத்தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதற்குத்தான். பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள், அந்தத் தாளில் யாரும் பெயர் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.