எரிபொருள் இல்லாத மின்பிறப்பாக்கி பற்றி

மோட்டார் சுழற்றும் டைனமோ அதே மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து, மிச்சத்தில் வயல் பம்பையும் ஓட்டும் என்று சொல்லி இந்த மின்பிறப்பாக்கியை விற்கிறார்கள். 2002இல் அவுஸ்திரேலியாவில் வெப்ப இயக்கவியல் விதியே மீறப்பட்டது, அதனால் இதுவும் முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பரிசோதனை உண்மையானதுதான். ஆனால் அது லேசர் ஒளியால் நீருக்குள் பிடித்து வைத்த, கண்ணுக்குத் தெரியாத சிறுமணிகளைப் பற்றியது. ஓரிரு விநாடி அளவில் சில வேளைகளில், ஒழுங்கின்மை தானாகக் குறையாது என்னும் இரண்டாம் விதிக்கு எதிராக நடந்தது. சராசரியில் விதி நிலைத்தது. கோட்பாடும் அதையே முன்கூட்டிச் சொல்லியிருந்தது. மேலும், இந்த மின்பிறப்பாக்கி சொன்னபடி ஓடுவதற்கு மீற வேண்டியது சக்திக் காப்பை, அதாவது இல்லாத சக்தியை உண்டாக்க முடியாது என்பதைச் சொல்லும் முதலாம் விதியை. அதை அந்தப் பரிசோதனை தொடவே இல்லை.

அக்கரைப்பற்றிலோ களுவாஞ்சிகுடியிலோ வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுக்குமுன் பம்பைப் பூட்டி ஓடவிட்டு, அதில் பட்டரி இருந்தால், அதுதான் ஓட்டுகிறதா என்று அறிய அதைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால், ஓடுமுன்னும் சில மணி நேரம் ஓடிய பின்னும் பட்டரியை வோல்ட்மீற்றரால் அளந்து பாருங்கள்; வோல்ட் குறைந்திருந்தால் சக்தி பட்டரியிலிருந்துதான் வந்திருக்கிறது.