மூன்று ஓலைகளிலும் வராத தடை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து என் மைனியின் (அண்ணியின்) மறுமண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, நம் ஆலயத்தில் வாசிக்கப்பட்டது. மூன்று முறையும், இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சபைக் குருவான ஐயரவர்கள் கேட்டார்கள். மூன்று முறையும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் ஓலை வாசித்த அன்று மாலையே சபையின் வாட்ஸ்அப் குழுவில், கைம்பெண்ணான மைனி கணவரை மறந்துவிட்டார், இந்த வயதில் இந்த மறுமணம் தேவையா என்று குறை சொல்லும் அந்தப் பதிவு வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது, யார் யார் அதற்குக் கைகூப்பி ஆமோதித்தார்கள் என்பது சபையார் எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே அப்படியே எடுத்தெழுதி மைனியை மறுபடியும் புண்படுத்த எனக்கு மனமில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இறந்துபோன ஒரு நல்ல மனிதரின் மரியாதைக்காக எழுதுவதாக அந்தப் பதிவு சொல்லிக்கொண்டது. அந்த நல்ல மனிதர் என் உடன்பிறந்த அண்ணன்.

ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் நாம் எல்லாரும் ஒரே ஆலயத்தில்தான் கூடுகிறோம். மணி பன்னிரண்டு அடித்ததும் புத்தாண்டுக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். "முந்தினவைகளை நினைக்கவேண்டாம், பூர்வமானவைகளைச் சிந்திக்கவேண்டாம். இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்" என்ற ஏசாயா 43ஆம் அதிகார வசனத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு மேலே மாட்டாத வீடு நம் தெருவில் எத்தனை இருக்கும்? அந்தப் புதிய காரியம் வசனமாக இருக்கும்வரை ஆமென் சொல்கிறோம். அதுவே நாற்பத்தேழு வயதுக் கைம்பெண்ணாக, பட்டுச்சேலை உடுத்திப் பீடத்தின் முன் வந்து நிற்கப் போகிறது என்றதும் நமக்கு ஆமென் வரவில்லை.

அண்ணன் மாரடைப்பால் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த எட்டு ஆண்டுகளில் மைனி எப்படி வாழ்ந்தார் என்பதை அந்தப் பதிவை எழுதியவர் பார்த்ததில்லை, நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மாவும் இருந்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் மகளின் திருமணத்தன்று, தாலி வைத்த தட்டை எடுத்துக் கொடுக்க மைனி கை நீட்டியபோது, உறவுக்காரப் பெண் ஒருவர் மிக மெதுவாக, மிக அன்பாக, "நீ இரு அம்மா, வேற யாராவது எடுக்கட்டும்" என்றார். மைனி கையை மடக்கிக்கொண்டு சுவரோரமாய்ப் போய் நின்றார். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிற நமக்குத் தாலித் தட்டில் மட்டும் தீட்டு எங்கிருந்து வந்தது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் முன்னால் பேச்சு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அந்தக் கை மடங்கியதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இந்த வயதில் இது தேவையா என்று கேட்கிறார்கள். தேவையா இல்லையா என்பதைத் தனியாய்ச் சமைத்துத் தனியாய்ச் சாப்பிடுகிறவர்தான் சொல்ல வேண்டும். மகன் வேலைக்காகக் கோயம்புத்தூர் போன பிறகு, இரவு காய்ச்சல் வந்தால் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன், ஏதாவது ஆகிவிட்டால் உடைக்க வேண்டியிருக்காதே என்று மைனி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். அதைக் கேட்ட அன்று அம்மாவும் நானும் தூங்கவில்லை.

வேதம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருக்கிறார்கள். வேதம் ஒளித்து வைத்துப் பேசவில்லை. "தன் புருஷன் மரித்தபின்பு தனக்கு இஷ்டமாயிருக்கிற எவனையாகிலும் விவாகம்பண்ணிக்கொள்ள விடுதலையாயிருக்கிறாள்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 7ஆம் அதிகாரம் 39ஆம் வசனத்தில் இருக்கிறது. கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அடுத்த வசனத்தில், அவள் அப்படியே இருந்துவிட்டால் பாக்கியவதி என்றும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது தம்முடைய அபிப்பிராயம் என்று பவுலே சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். அண்ணனும் மைனியும் அன்று பீடத்தில் சொன்ன வாக்குறுதிகூட மரணம் பிரிக்கும்வரை என்பதுதான். மைனி அதை ஒரு நாள் குறையாமல் நிறைவேற்றிவிட்டார்.

பரலோகத்தில் இவர் யாருக்கு மனைவியாக இருப்பார் என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். அதை எழுதியவர் பல ஆண்டுகள் ஞாயிற்றுப் பள்ளி நடத்தியவர் என்பதால்தான் அதிகம் வலித்தது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் சதுசேயர்கள். உயிர்த்தெழுதலையே நம்பாதவர்கள், இயேசுவை மடக்குவதற்காக, ஏழு சகோதரருக்கு ஒருவர்பின் ஒருவராய் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணைக் கதையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இயேசு அந்தப் பெண்ணை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. நீங்கள் வேதவாக்கியங்களையும் அறியவில்லை, தேவனுடைய வல்லமையையும் அறியவில்லை என்று, அந்தக் கேள்வியைக் கேட்டவர்களைத்தான் கடிந்துகொண்டார்.

சொத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதற்கு ஒரு வரியே போதும்: அண்ணன் பெயரில் இருந்த வீடு அவர் மகன் பெயருக்கு மாறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, மாற்றிக் கொடுத்தவர் மைனி.

நம் சபை இருக்கும் இதே சேகரத்தில், மனைவியை அடக்கம் செய்து ஓராண்டு முடிவதற்குள் மறுமணம் செய்துகொண்ட ஆண்களை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டாமா, பாவம், சமைத்துப்போட யார் இருக்கிறார்கள் என்று நாமே பரிந்து பேசினோம். நானும் அந்தக் கல்யாணங்களில் போய்ச் சாப்பிட்டேன். சாராள் இறந்த பிறகு ஆபிரகாம் கேத்தூராளை விவாகம் செய்ததை வைத்து விசுவாசிகளின் தகப்பனை யாரும் குறைவாய்ப் பேசியதில்லை. ரூத்தின் கதையை மட்டும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆண்டுதோறும் தியானிக்கிறோம், கணவனை இழந்தும் மாமியாரை விட்டுப் போகாத மருமகள் என்கிற பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். மீதிப் பாதியில் அந்த மாமியாரே, "என் மகளே, நீ சுகமாய் வாழ்ந்திருக்கும்படி நான் உனக்குச் சவுக்கியத்தைத் தேடாதிருப்பேனோ?" என்று கேட்டு மருமகளைப் போவாசிடம் அனுப்பி வைக்கிறாள். தாவீதின் வம்சமே அந்த மறுமணத்தில்தான் வருகிறது.

திருநெல்வேலித் திருச்சபையே யாரிடமிருந்து தொடங்கியது என்பதையாவது நினைத்துப் பார்க்கக் கூடாதா? குளோரிந்தா அம்மையார் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு கைம்பெண். அவருடைய வாழ்க்கையைக் காரணம் காட்டி முதலில் ஞானஸ்நானம் மறுத்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரே 1778இல் பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1785இல் பிரதிஷ்டையான அவருடைய ஆலயத்தை இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் அழைக்கிறோம். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு என்று யாராவது வருவார்கள். வேறுதான். ஒரு கைம்பெண்ணின் வாழ்வு கணவனின் சிதையோடு முடிந்துவிட்டது என்று ஊர் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைத்தான் நான் சொல்கிறேன். அவர் ஏற்றுக்கொண்டிருந்தால் நமக்கு அந்த ஆலயம் இல்லை.

மைனி என் அண்ணனை மறந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியாதது. அண்ணனின் ஒவ்வொரு நினைவு நாளிலும் விடியும் முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சிலுவையைக் கழுவி, புல்லைப் பிடுங்கி, பூ வைத்துவிட்டு வருகிறவர் அவர். இந்த ஆண்டு அவரோடு இன்னொருவரும் வந்தார். தன் மனைவியை இழந்து ஆறு ஆண்டுகள் தனியாக இருக்கிற அந்த மாப்பிள்ளைதான் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு வந்தார். பிறகு இருவருமாக அவருடைய ஊருக்குப் போய் அந்த அம்மாளின் கல்லறைக்கும் பூ வைத்தார்கள். உங்களில் ஒருவரும் அங்கே வரவில்லை.

இந்தச் சம்பந்தத்தை யார் பேசி முடித்தது என்று ஆலய வாசலில் விசாரித்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா. எழுபத்தெட்டு வயது, மகனைப் புதைத்த தாய். முதலில் அம்மா இதைச் சொன்னபோது நான்தான் கோபப்பட்டேன், அண்ணன் இருந்த இடத்தில் இன்னொருவரா என்று கேட்டேன். "அவன் இடம் அவனுக்கு இருக்கு, அதை யாரும் எடுக்க முடியாது. இவளுக்கு ஒரு இடம் வேண்டாமா?" என்றார்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆராதனை. மைனியின் தகப்பனார் இல்லாததால், இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார் என்று ஐயரவர்கள் கேட்கும்போது அம்மாதான் எழுந்து நிற்கப் போகிறார்கள். தாலித் தட்டை நான் பிடித்திருப்பேன்.