"அது நிர்வாக விஷயம், மேடம்"

வெள்ளிக்கிழமை ஜூம் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். இல்லாதவர்களும் இந்நேரம் வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். எங்கள் அறிவியல் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கும் பேராசிரியர் (பெயர் எதற்கு, எல்லோருக்கும் தெரிந்ததுதானே) தன் விஷன் ஸ்டேட்மென்ட்டை, அதாவது தொலைநோக்கு அறிக்கையை, முக்கால் மணி நேரம் விளக்கினார். கடைசியில் ஒரு கல்லூரி ஆசிரியை கேட்டார்: "சார், மாணவர்களுக்கு மாநாட்டு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸைக் குறைப்பது பற்றி இதில் ஒன்றும் இல்லையே?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது நிர்வாக விஷயம், மேடம். நாம் இப்போது விஷன் பேசிக்கொண்டிருக்கிறோம்."

கேள்வி கேட்டது நான் இல்லை. ஆனால் நானும் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஆள். அந்தச் சிரிப்பு எனக்கும் சேர்த்துத்தான்.

அன்று ராத்திரியே அந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். உலகத்தரம் இருக்கிறது. சர்வதேசக் கூட்டாய்வு இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, இம்பாக்ட் ஃபேக்டர் (ஆய்விதழ்களுக்குப் போடும் மதிப்பெண்), சுதந்திர நூற்றாண்டான 2047 எல்லாம் இருக்கின்றன. 'கல்லூரி' எங்காவது வருகிறதா என்று தேடினேன். வருகிறது, ஒரே இடத்தில். அவர் பி.எஸ்ஸி. படித்த கல்லூரியின் பெயரில்.

இந்தச் சங்கம் யாருடையது? நான் கேட்பது இது ஒன்றைத்தான். உறுப்பினர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். பெரிய ஆய்வு நிறுவனங்களின் பெயர்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்: சிவகாசி, திண்டிவனம், நாந்தேட், சிமோகா, சிலிகுரி என்று ஊர் ஊராகக் கல்லூரிக்காரர்கள். சந்தா கட்டுகிறவர்கள் இவர்கள். மாநாட்டு அரங்கை நிரப்புகிறவர்களும் இவர்கள்தான். மொய் எழுதக் கூப்பிட்டுவிட்டு, பந்தியில் இடமில்லை என்று சொன்னால் எப்படி?

"நிர்வாக விஷயம்" என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் வி. ராமசாமி ஐயர். அவர் அப்போது பேராசிரியர்கூட இல்லை, துணை ஆட்சியர். அவருடைய விஷன் என்ன தெரியுமா? வெளிநாட்டுக் கணித இதழ்களையும் புத்தகங்களையும் தனியாளாக வாங்கக் கட்டுப்படியாகாது, எல்லோரும் சந்தா போட்டு வாங்கி உறுப்பினர்களுக்குள் சுற்றுக்கு விடுவோம். அவ்வளவுதான். புனே ஃபெர்குசன் கல்லூரியில் நூலகத்தை வைத்துக்கொண்டு, தபாலில் அனுப்பி, திரும்ப வாங்கி, அடுத்தவருக்கு அனுப்பி... முழுக்க முழுக்க நிர்வாக விஷயம்! அந்தக் கழகத்தின் இதழில்தான் 1911-ல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. கையில் ஒரு பட்டம் இல்லாத ஆளின் கட்டுரை. நம் வேட்பாளரின் அறிக்கைப்படி பார்த்தால் ராமானுஜனுக்கு உறுப்பினர் படிவம்கூடக் கிடைத்திருக்காது.

சரி, பழங்கதை வேண்டாம். என் மாணவி கதையைச் சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளத்து ஓரங்களில் வளரும் உமரிச் செடியை வைத்து எம்.எஸ்ஸி. பிராஜெக்ட் செய்தவள். அதை ஒரு தேசிய மாநாட்டில் போஸ்டராக வைக்க (ஆய்வை ஒரே தாளில் அடித்து மாட்டி, பக்கத்தில் நின்று விளக்க) இடம் கிடைத்தது. மாணவர்களுக்கான கட்டணமே நாலாயிரத்து ஐந்நூறு, அதற்கு மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி. பணத்தைப் புரட்டிவிட்டோம். போஸ்டரை நல்ல தாளில் அடிக்கக் காசில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் பென் டிரைவைச் செருகிக்கொண்டே, "போட்டோ எங்கம்மா? காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா?" என்று கேட்டாராம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மாநாட்டில் எல்லோருக்குமான ப்ளீனரி பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அதனால் போஸ்டர் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். இடம், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் நடை. ஃப்ளெக்ஸ் சுருண்டு சுருண்டு டேப்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அவள் ஒரு கையால் மேல் மூலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தயிர்சாதத் தட்டோடு வந்த ஒரு பெரிய மனிதர் அவள் முன்னால் நின்றதும் பாவம், அவசரமாக விளக்க ஆரம்பித்துவிட்டாள். அவருக்குத் தெரியவேண்டியிருந்தது பாத்ரூம் எந்தப் பக்கம் என்பது.

இப்போது அவள் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறாள். நல்ல சம்பளம்தான், குறையில்லை. உமரிச் செடிக்குத்தான் ஆள் இல்லை.

"தலைவர் என்பவர் திசை காட்டுகிறவர், ஃபீஸ் கணக்குப் பார்க்கச் செயலாளரும் பொருளாளரும் இருக்கிறார்கள்" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் வகுப்பெடுத்தார். அதே அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் வெளிநாட்டுப் பேச்சாளர்களின் விமானக் கட்டணத்துக்குத் தனி நிதி வைப்பதாக எழுதியிருக்கிறதே, அது மட்டும் எப்படி விஷன் ஆனது? வெளிநாட்டுக்காரருக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் என்றால் தொலைநோக்கு, தூத்துக்குடிப் பிள்ளைக்கு ஸ்லீப்பர் டிக்கெட் என்றால் நிர்வாகமா?

"எல்லோரையும் உள்ளே விட்டால் இந்திய அறிவியல் மாநாட்டின் கதிதான்" என்று இன்னொருவர். இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் 2016-ல் அந்த மாநாட்டை சர்க்கஸ் என்று சொன்னது உண்மை. ஆனால் சர்க்கஸ் காட்டியது யார்? 2019 ஜலந்தர் மாநாட்டில் கௌரவர்கள் டெஸ்ட் டியூப் குழந்தைகள் என்று பேசியவர் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர். கடைசி வரிசையில் சுருண்ட போஸ்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை இல்லை. 1914-ல் கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜி தலைமையில் நூற்றைந்து பேரோடு தொடங்கிய மாநாடு அது. மேலே இருந்தவர்கள் கெடுத்ததற்குக் கீழே இருப்பவர்கள் மேல் பழியா?

வெளிநாட்டுக் கூட்டுறவு வந்தால் எல்லோருக்கும் நல்லதாம். வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

அப்புறம் இன்னொன்று. "இதழ்கள் இப்போது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றனவே" என்று பேராசிரியர் கூட்டத்தில் போகிற போக்கில் சொன்னார். ஐயா, ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைத்தானே சொல்கிறீர்கள்? மூன்று ஆண்டுகளுக்கு ஆறாயிரம் கோடி, சுமார் பதின்மூன்றாயிரம் இதழ்கள், நல்ல திட்டம். ஆனால் அது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு. நான் வேலை பார்ப்பது சுயநிதிக் கல்லூரியில். ஒரு கட்டுரை வேண்டுமென்றால் இன்னும் எழுதியவருக்கே மெயில் போட்டுக் கெஞ்சுகிறேன். ராமசாமி ஐயருக்கு 1907-ல் இருந்த அதே பிரச்சினை. இது தெரியாத ஒருவர் எனக்குத் தலைவராம்.

அவருடைய ஆய்வு மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் கட்டுரைகளை வகுப்பில் நடத்துகிறேன். "உங்களுக்குப் பொறாமை" என்று எழுதியவருக்கும் சொல்கிறேன்: பொறாமைப்பட நான் அந்தப் போட்டியிலேயே இல்லையே. "எந்த நிறுவனம்?" என்று கேட்பார்கள், கல்லூரியின் பெயரைச் சொன்னதும் "ஓ, டீச்சிங்கா" என்பார்கள், அடுத்த நொடி கண் என் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடும். இதை எத்தனை மாநாட்டில் பார்த்தாயிற்று! வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு, லேப், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) வேலை, அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போவது, இதற்கு நடுவில் ஆய்வுக்காகச் செடி பிடுங்கி, உலர்த்தி, ஒட்டி, பெயர் எழுதி வைக்கிறோம். ஓ, டீச்சிங்காம்.

எதிர்த்து நிற்பவர் பெரிய மகான் என்று நான் சொல்லவில்லை. அவருடைய அறிக்கை ஒரே பக்கம், அதிலும் இரண்டு எழுத்துப்பிழை. ஆனால் மாணவர் கட்டணத்தைப் பாதியாக்குவேன், போஸ்டருக்குத் தனி நேரம் ஒதுக்குவேன் என்று எழுதியிருக்கிறார். செய்யாவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேட்கலாம். 'உலகத்தரம் எங்கே?' என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஓட்டுப் போடக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. லிங்க் வரவில்லை என்று சொல்கிறவர்கள் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள், எனக்கு அங்கேதான் கிடந்தது. லைஃப் மெம்பர் எண் மறந்துபோனவர்கள் பழைய சந்தா ரசீதைத் தேடுங்கள், மேலே வலது மூலையில் இருக்கும்.